ஜீப் ராங்லர் ஜேகேவுக்கு 4.56 ரிங்-பினியன் செட்: மைலேஜ் கூடுமா?

ரிங்-பினியன் என்பது ஆக்சிலுக்குள் இருந்து சக்கரத்தைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடி; 4.56 என்றால் சக்கரம் ஒருமுறை சுற்ற, உள்ளே வரும் தண்டு 4.56 முறை சுற்ற வேண்டும். 35 அங்குல டயர் போட்டவர்களுக்கு மட்டுமே இது. ஒரிஜினல் 32 அங்குல டயரும் 3.73 ஆக்சில் விகிதமும் இருந்தால் கழற்றவே வேண்டாம். மைலேஜ் குறையத்தான் செய்யும்.

3.73-ஐ வைத்துக்கொண்டு 35 அங்குலம் மாட்டினால், டயர் பெரிதானதால் விகிதம் 3.41-க்கு இறங்கியது போல ஆகிவிடும். ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கில் 100 கி.மீ. வேகத்துக்கு எஞ்சின் சுமார் 1,850 ஆர்பிஎம்தான் சுற்றும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 3.6 லிட்டர் பென்டாஸ்டார் எஞ்சினின் இழுவை உச்சம் 4,800 ஆர்பிஎம்மில். சின்ன ஏற்றத்துக்கே கியர் இறங்கும், ஆக்சிலரேட்டரை ஆழ மிதிக்க வேண்டும், பெட்ரோல் அங்கேதான் போகிறது. 4.56-ல் அதே வேகத்துக்குச் சுமார் 2,260. கியர் இறங்காமல் டாப் கியரிலேயே ஓடும். சமவெளி நெடுஞ்சாலையே கதி என்றால் 4.10 போதும்.

முன், பின் இரண்டு ஆக்சிலிலும் ஒரே விகிதம் கட்டாயம். இல்லையேல் ஃபோர்-வீலில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இரண்டு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) நொறுங்கும். ஷிம் (மெல்லிய தகடு) வைத்து பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான இடைவெளி) சரிபார்க்கத் தெரியாத மெக்கானிக்கிடம் கொடுத்தால் ஊளைச் சத்தம் நிச்சயம். முதல் 800 கி.மீ.க்குப் பின் ஆக்சில் ஆயில் மாற்றுங்கள்.

டயர் அளவைக் கம்ப்யூட்டரில் திருத்தாவிட்டால் 100 கி.மீ. ஓட்டத்தை மீட்டர் 91 என்றே காட்டும். "மைலேஜ் விழுந்தது" என்ற புலம்பலில் பாதி இதுதான்.