ரேய்னொக்ஸ் 250: கதிரைக்குக் கீழே இருக்கிற சிலந்திக்கு நல்லது, மரப்பொந்துக்கு வேண்டாம்

மார்கழியில் கல்யாண வீடு இல்லை. கிளிநொச்சியில் படம் எடுத்துச் சீவிக்கிற எனக்கு அந்த மாதம் முழுக்க லீவுதான். மழை ஈரத்தில் கமராவைச் சும்மா பைக்குள் வைத்தால் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். அதனாலேயே வெளியில் எடுத்து, வளவில் இருக்கிற சிலந்திகளைப் படம் எடுக்கத் தொடங்கினேன். சின்னச் சீவன்களைக் கிட்டப் பெருப்பித்து எடுக்கிற மக்ரோ லென்ஸ் ஒன்றுக்குக் கொட்டுகிற காசுக்கு என்னிடம் வழியில்லை. அந்த விலையில் சிறு பங்குக்கு வருகிற ரேய்னொக்ஸ் டீசிஆர்-250ஐ வாங்கினேன்.

இது தனி லென்ஸ் இல்லை. இருக்கிற லென்ஸின் முகப்பில் கவ்விக்கொள்கிற, மூன்று கண்ணாடி சேர்த்துச் செய்த சின்ன உருப்படி. ஜப்பான் தயாரிப்பு, வலு +8 டயொப்டர். இரண்டு பக்க ஸ்பிரிங்கை அமத்திப் பிடித்து மாட்டினால் 52 முதல் 67 மில்லிமீற்றர் வரை வாய் உள்ள எந்த லென்ஸிலும் இருக்கும். கல்யாணப் பொம்பிளையை மேடைக்குக் கூட்டிவருகிற இடைவெளியில்கூடக் கழற்றிப் பைக்குள் போடலாம், அவ்வளவு சுகம். பிடி பிளாஸ்ரிக்தான், அதைப் பெரிய குறையாக நான் சொல்லமாட்டேன்.

பலர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. கமராவோடு வருகிற 18-55 லென்ஸில் இதைப் போட்டுவிட்டு “பெரிசாத் தெரியேல்லையே” என்பார்கள். கணக்கு லேசானது: லென்ஸின் குவியத்தூரத்தை 125ஆல் பிரியுங்கோ. 55இல் வருவது 0.44 மடங்குதான் (ஒரு மடங்கு என்றால் கமராவின் சென்சரில் உருவம் உண்மை அளவிலேயே விழும்), படத்துக்குள் ஐந்து சென்ரிமீற்றர் அகலம் அடங்கும். அது வண்ணத்துப்பூச்சிக்குக் காணும். 18 பக்கம் திருப்பினால் மூலைகள் கறுக்கும். அதே கண்ணாடியைக் கெனன் 55-250இல் மாட்டி 250க்கு இழுத்தால் இரண்டு மடங்கு. பதினொரு மில்லிமீற்றர் அகலம் படம் முழுவதையும் நிரப்பும். நல்ல விலை உயர்ந்த மக்ரோ லென்ஸுகளே பெரும்பாலும் ஒரு மடங்கோடு நின்றுவிடும். லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவில் இடைக்குழாய் போட்டுப் பெருப்பித்தால் வெளிச்சம் குறையும், இதில் அந்தத் தொல்லையும் இல்லை.

எங்கட ஊர் வீடுகளில் இதற்கு ஏற்ற ஆள் பிறவுண் விடோ என்கிற சிலந்தி. வீட்டுத்திட்ட வீட்டு விறாந்தையில் வைத்திருக்கிற பிளாஸ்ரிக் கதிரையைப் புரட்டிப் பாருங்கோ, இல்லாவிட்டால் மோட்டார் றூமில் தண்ணிப் பம்பிக்குப் பின்னால், கேற்றின் கீழ்ச்சட்டத்தில். ஒழுங்கில்லாத, கையில் பட்டால் அறுக்கக் கஷ்டமான நூல் வலை இருக்கும். பக்கத்தில் நெருஞ்சிமுள்ளுக்காய் மாதிரி முள்ளு முள்ளாக முட்டைப்பை தொங்கினால் வேறு சந்தேகமே தேவையில்லை. வயிற்றடியில் செம்மஞ்சள் நிற மணற்கடிகாரம், காலில் வரிவரியாகப் பட்டை. நஞ்சுக்குப் பேர்போன கறுப்பு விடோச் சிலந்திக்குச் சொந்தக்காரிதான், நஞ்சும் அதே வகை. ஆனால் கடிக்கும்போது செலுத்துகிற அளவு குறைவு என்பதால் பெரும்பாலும் கடித்த இடத்து வலியோடு போய்விடும். குழந்தைக்கோ வயது போனவர்களுக்கோ கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போறதுதான் சரி, கயிறு கட்டி இறுக்குற வேலை வேண்டாம்.

இது பகலில் மூலைக்குள் ஒதுங்கியிருக்கும். இரவில்தான் வலை நடுவுக்கு வரும். வந்து தலைகீழாக, வயிறு மேலே தெரியத் தொங்கும். கதிரையைக் கவிழ்த்தால் ஓடி ஒளியும், அதனால் கதிரையை மெல்லப் பக்கவாட்டில் சாய்த்து விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பேன். ஆள் அசையாமல் நிற்பதால் 250இன் கிட்டத் தூரம் இங்கே பிரச்சினை இல்லை. கண்ணாடிக்கும் சிலந்திக்கும் இடையில் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர். மனிதரைத் தேடிவந்து கடிக்கிற சீவன் இல்லை, வலைக்குள் கை வைக்காதவரை பயமில்லை.

ஓட்டோபோகஸை நிற்பாட்டி, லென்ஸை முடிவிலியில் வைத்து, கமராவையே முன்னுக்கும் பின்னுக்கும் மயிரிழை மயிரிழையாக அசைத்து எடுக்க வேண்டும். தெளிவாக விழுகிற ஆழம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. லென்ஸின் துவாரத்தை (அப்பர்ச்சரை) எப் 8க்கும் 11க்கும் இடையில் வையுங்கோ, அதற்கு மேலே போனால் படம் மழுங்கும். கமராவின் சொந்தப் பிளாஷ் லென்ஸ் நிழலை அப்படியே சிலந்தியில் விழுத்தும். தனிப் பிளாஷை வயரில் இறக்கி, முன்னால் ஐஸ்கிறீம் பெட்டியின் வெள்ளை மூடியைக் கட்டினால் வெளிச்சம் பிரிந்து பரவும், உடம்பில் பளபளப்பு அடிக்காது. இதற்கு நான் செலவழித்தது ஐஸ்கிறீம் தின்ற செலவு மட்டும்.

பக்கத்து வளவு மாமி மதிலால் எட்டிப் பார்த்து, “தம்பி, கலியாணப் பொம்பிளையள எடுக்கிற கமராவால உதையோ எடுக்கிறாய்?” என்றா. கமராத் திரையில் மணற்கடிகாரத்தைக் காட்டினேன். அன்றைக்கே விறாந்தைக் கதிரைகள் எல்லாத்தையும் வெயிலில் தூக்கிப் போட்டு விளக்குமாற்றால் தட்டினா. நான் எடுத்த படங்களிலேயே அதிகம் பயன்பட்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

போனில் மங்கலான படம் அனுப்பி “இது புலிமுகச் சிலந்தியோ?” என்று, மரப்பொந்தில் இருக்கிற பெரிய நஞ்சுச் சிலந்தியை நினைத்துக் கேட்பவர்களும் உண்டு. பாதிக்கு மேல் கரப்பான் பிடிக்கிற பெரிய தட்டைச் சிலந்திதான், ஹண்ட்ஸ்மன் வகை. சுவரில் நண்டு மாதிரிக் காலைப் பரப்பி நிற்கும், வெள்ளைத் தட்டு மாதிரி முட்டைப்பையை வயிற்றடியில் காவும். பாவம், ஒன்றும் செய்யாது. கிட்ட எடுத்தால் எட்டுக் கண்ணும் இரண்டு வரிசையில் நிற்பதும், கண்ணுக்குக் கீழே வெளிறிய பட்டையும் தெளிவாகத் தெரியும். புலிமுகத்துக்கோ கண்கள் சின்னன், ஒரு மேட்டில் குவிந்திருக்கும், முன்னங்கால் அடியில் மஞ்சள் அடிக்கும். இப்படிப் பிரித்துச் சொல்ல 250 தாராளமாகப் போதும்.

நிஜமான புலிமுகத்துக்கு இதைக் கொண்டு போகாதேங்கோ. மாங்குளத்தில் 2009இல் ஊரவர்கள் ஆராய்ச்சியாளர்களிடம் கொண்டுவந்து கொடுத்த ஒரு செத்த ஆண் சிலந்தியில் தொடங்கிய தேடல்தான், 2012இல் போசிலோதீரியா ராஜேயி என்று புலிமுகத்தில் ஒரு புது இனமாக அறிக்கையாகி, 2013இல் உலகச் செய்தியானது. அந்த ஆராய்ச்சியாளர்களைக் காட்டுக்குள் பத்திரமாகக் கூட்டிப்போன பொலிஸ் அதிகாரியின் பெயரைத்தான் வைத்தார்கள். கால் விரித்தால் இருபது சென்ரிமீற்றர். பழைய மரப்பொந்து அதன் வீடு, மாங்குளம் ஆஸ்பத்திரியின் பழைய டொக்டர் குவாட்டர்ஸிலும் அவர்கள் கண்டார்கள். இந்தக் குடும்பத்துச் சிலந்தி மின்னல் வேகத்தில் பாயும். கடித்தால் கடுமையான வலி, பல நாள் கழித்தும் திரும்பி வருகிற தசைப்பிடிப்பு. அதன் முகத்துக்கு 12 சென்ரிமீற்றரில் என் கையைக் கொண்டு போக நான் தயாரில்லை. இதற்கு டீசிஆர்-150 இருக்கிறது: +4.8 டயொப்டர், ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் தூரம், அதே 55-250இல் 1.2 மடங்கு. இவ்வளவு பெரிய சிலந்திக்கு அந்த மடங்கே மிச்சம், முழு உருவத்துக்கு ரேய்னொக்ஸ் மாட்டாத வெறும் 55-250 லென்ஸே போதும். பிடித்துக் கொண்டுவந்து டப்பாவுக்குள் போட்டு எடுக்கிற யோசனையை விடுங்கோ. 2019இல் இருந்து போசிலோதீரியாச் சாதி முழுக்க, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற உலக ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது.

இரண்டில் ஒன்றுதான் வாங்கலாம் என்றால், புலிமுகம் மாதிரி வேகமாகப் பாய்கிற நஞ்சுள்ள சீவன்களை எடுக்கப் போகிறவருக்கு நான் 150ஐத்தான் சொல்வேன். 250 படத்தில் கூர்மை கூட, கண்ணுக்கும் அது நல்ல விருந்து. இருந்தாலும் தூரம் தருகிற நிம்மதியில் கை நடுங்காது, படமும் குழம்பாது. விடோ, பாயும் சிலந்தி, எறும்பு என்று வளவுக்குள்ளேயே நிற்பவர் 250ஐ எடுக்கலாம். 18-55 மட்டும் வைத்திருப்பவர் இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிட்டு, பாவித்த 55-250 ஒன்று கிடைக்குதா என்று முதலில் தேடுங்கோ. வாங்க முன் லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பார்க்க மறவாதேங்கோ, எங்கட பக்கத்து மழைக்குப் பூஞ்சணம் பிடிக்காத பழைய லென்ஸ் குறைவு.