ஸ்டிக்கரை நம்பி ஃபேஸ் ஷீல்டு வாங்காதீர்கள்

கோவையில் கேட், கிரில் செய்கிற சின்னப் பட்டறை எனக்கு. போன மாதம் ஒரு ஹார்டுவேர் கடையில் ஆறு ஃபேஸ் ஷீல்டு (முகத்தை மறைக்கிற தடுப்பு) வாங்கினேன். வழக்கமாக 350 ரூபாய்க்கு வாங்குவதை இந்தக் கடைக்காரர் 140 என்றார். "ஒரிஜினல் பாலிகார்பனேட்டுங்ணா, ஏறி மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது." ஓரத்தில் இஎன் 166 என்று, அதாவது ஐரோப்பாவின் கண் பாதுகாப்புத் தர எண், வெள்ளி ஸ்டிக்கர் வேறு. நான் இன்னும் பேரம் பேசி 120க்கு முடித்தேன், அந்த வெட்கத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மூன்றாம் நாள், 4 இஞ்ச் கிரைண்டரில் பட்டறைத் தம்பி ஒருவன் இரும்பு ஆங்கிள் வெட்டிக்கொண்டிருந்தபோது கட்டிங் வீல் இறுகி உடைந்து, ஒரு துண்டு ஷீல்டில் அடித்தது. நிஜ பாலிகார்பனேட்டாக இருந்தால் குழி விழுந்திருக்கும், இது அப்பளம் மாதிரி நொறுங்கியது. நொறுங்கிய சில்லே புருவத்துக்கு மேல் கிழித்து நான்கு தையல். கருவிழியில் ஏறிய இரும்புத் துகளைக் கண் டாக்டர் மரத்துப்போக மருந்து விட்டு ஊசி முனையால் எடுத்தார். பார்வை தப்பியது.

சாயங்காலம் அந்த ஸ்டிக்கரை நகத்தால் நெண்டினேன், உரிந்து வந்துவிட்டது. அடியில் மொழுக்கென்று ஒன்றும் இல்லை. நிஜமான இஎன் 166-இல் குறி லென்ஸிலேயே பதிந்திருக்கும்: எஃப் என்றால் நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வரும் சின்ன எஃகு குண்டைத் தாங்கும், பி என்றால் 120, ஏ என்றால் 190. நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிற 4 இஞ்ச் வீலின் விளிம்பு வேகமே நொடிக்கு 57 மீட்டருக்கு மேல், அதனால் கிரைண்டருக்கு எஃப் போதாது. காதில் மாட்டுகிற கண்ணாடி எதுவும் எஃப்பைத் தாண்டாது, அதையும் கவனியுங்கள்.

கடைக்காரரிடம் போனால், "வீல் உடைஞ்சதுக்கு நான் என்னங்ணா பண்றது?" என்கிறார். கையில் இருப்பது 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டு, கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. எதைக் காட்டி எங்கே கேட்பது? மிச்சம் ஐந்தையும் மடக்கிப் பார்த்தேன், மூன்று படக்கென்று ஒடிந்தன.

இந்த முறை ஐஎஸ் 5983 (கண் பாதுகாப்புக்கான இந்தியத் தர எண்) போட்ட ஐஎஸ்ஐ காகிள்ஸ் வாங்கினேன், முத்திரைக்கு அடியில் இருந்த சிஎம்/எல் எண்ணை, அதாவது தயாரிப்பாளரின் உரிம எண்ணை, இந்தியத் தர அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன். ஷீல்டுக்குள்ளேயும் அதைப் போடச் சொல்லியிருக்கிறேன். "வேர்க்குதுங்ணா" என்கிறான் தம்பி, ஆனால் கழற்றுவதில்லை.