“30எக்ஸ்” மடக்கு லென்ஸ்: தக்காளிச் செடிகளோடு இரண்டு வருடம்

மாடித்தோட்டத்துத் தக்காளியின் நுனி சுருண்டிருக்கும் படத்தை அனுப்பி, “இது வைரஸா? லென்ஸ் வாங்கினால் தெரிந்துவிடுமா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டதால் இங்கே. நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருப்பார்களே, அந்த மடக்கு லென்ஸ்தான், அறிமுகம் தேவையில்லை.

முதலில் திட்டிவிடுகிறேன். லென்ஸின் உடம்பில் “30எக்ஸ் 21மிமீ” என்று பொறித்திருக்கிறது (30 மடங்கு பெரிதாக்கும், கண்ணாடியின் அகலம் 21 மிமீ என்று அர்த்தம்). அந்த 30 பொய். 250-ஐக் குவியத்தூரத்தால் (பொருள் தெளிவாகத் தெரியும் தூரம், மில்லிமீட்டரில்) வகுத்தால் எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும். 30 மடங்கு என்றால் இலை கண்ணாடிக்கு 8 மிமீ பக்கத்தில் வந்தால்தான் தெளிய வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்தால் இது 25 மிமீ-யிலேயே தெளிகிறது. ஆக, 10 மடங்கு. எரிச்சல் என்னவென்றால், தக்காளிக்கு 10 மடங்கே போதும். உள்ளதைப் பொறித்திருந்தாலும் விற்றிருக்கும்.

பார்க்கும் முறையில்தான் பலருக்கும் தவறுகிறது. லென்ஸை இலைமேல் பிடித்துக்கொண்டு முகத்தை ஒரு முழம் தள்ளி வைத்தால் ஒன்றும் தெரியாது. லென்ஸ் கண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு அதோடு ஒட்டி. இலையைக் கிள்ளி, லென்ஸை நோக்கிக் கொண்டுவாருங்கள். வெயில் இலைமேல் விழும்படி நில்லுங்கள். லென்ஸ் பிடித்த கையின் சுண்டுவிரலை இலை பிடித்த கைமேல் ஊன்றினால் நடுக்கம் நின்றுவிடும்.

சுருட்டைக்கு வருவோம். இந்த லென்ஸ் காசுக்கு வேலை செய்யும் ஒரே இடம் அதுதான். அடி இலைகள் மட்டும் மேல்நோக்கிக் குழல்போலச் சுருண்டு, தடித்து, பச்சையாகவே இருந்து, நுனி நன்றாக இருந்தால் அது நோயே அல்ல. வெயிலாலோ தண்ணீர்த் தட்டுப்பாட்டாலோ பக்கக் கிளைகளை அதிகம் கிள்ளியதாலோ வருவது, விட்டுவிடலாம். சுருட்டை நுனியில் இருந்தால்தான் லென்ஸை எடுக்க வேண்டும். இலைச்சுருட்டு வைரஸில் புது இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கிண்ணம்போல மேல்நோக்கி மடங்கும். கணுக்கள் நெருங்கிச் செடி குத்தாகிவிடும். முரணைச் சிலந்தி (சாறு உறிஞ்சும் மிகச் சிறிய உண்ணி, வலை பின்னும் சிலந்தி அல்ல) தாக்கினால் இலை ஓரம் கீழ்நோக்கி மடங்கும், அடிப்பக்கம் எண்ணெய் தடவிய வெண்கலம்போல மினுங்கும், கொழுந்து முறுகிப்போகும்.

இந்த வைரஸைப் பரப்புவது வெள்ளை ஈதான். அதற்காக “வெள்ளை ஈ பறக்கிறது, ஆகவே வைரஸ்” என்று முடிவு கட்ட வேண்டாம். முரணைச் சிலந்தி வெள்ளை ஈயின் காலைப் பற்றிக்கொண்டே செடிவிட்டுச் செடி போகும். இரண்டும் ஒரே செடியில் இருக்கலாம். நுனியிலிருந்து இரண்டாவது, மூன்றாவது இலையைக் கிள்ளி, அடிப்பக்கம் நடுநரம்பை ஒட்டி அரை நிமிடம் அசையாமல் பாருங்கள். சிலந்தியின் நீளம் சுமார் 0.2 மிமீ, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. லென்ஸில், தேன்துளி நிறத்தில் கண்ணாடிபோன்ற ஒரு பொட்டு நகர்ந்து போகும்.

இங்கேதான் லென்ஸ் ஆளை ஏமாற்றும். தக்காளி இலையில் காம்பும் உருண்டைத் தலையுமாகச் சுரப்பி மயிர்கள் இருக்கும் (கையில் பச்சை கலந்த மஞ்சளாகப் பிசுபிசுப்பது இவற்றின் வேலைதான்). புதிதாகப் பார்ப்பவர் “ஐயோ, இலை முழுக்க முட்டை” என்று மருந்து கலக்கப் போய்விடுவார். காம்பு இருந்தால் அது சிலந்தி முட்டை இல்லை. சிலந்தி முட்டை இலையோடு படிந்து கிடக்கும். மேலே வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளிகளைப் பார்க்க 10 மடங்கு போதாது. ஆகவே முட்டையைத் தேடாமல் நகர்வதைத் தேடுங்கள்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம், இரண்டுக்கும் தீர்வு வேறு. வைரஸ் என்றால் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டிப் போடுவதுதான் வழி; வேப்பெண்ணெய் வெள்ளை ஈயைக் குறைக்கும், வைரஸை எடுக்காது. சிலந்தி என்றால் செடி பிழைக்கும். கருகிய நுனியைக் கிள்ளிவிட்டு, நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. 32 டிகிரிக்கு மேல் காயும் நாளில் அடித்தால் இலை பொசுங்கும். வேப்பெண்ணெய் அடித்து 2 வாரத்துக்குள்ளும் கந்தகம் கூடாது. சுருண்ட பழைய இலை நிமிராது. புதிதாக விடும் தளிரைப் பார்த்துத்தான் குணமானதா என்று சொல்ல முடியும்.

புள்ளி நோய்களுக்கு லென்ஸ் அரைகுறை உதவிதான். வளையம் வளையமாக இருக்கும் இலைக்கருகலுக்கு வெறுங்கண் போதும். சிறு வட்டம், சாம்பல் நடு, அதில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் என்றால் செப்டோரியா என்ற பூஞ்சை நோய். அதற்கு மட்டும் லென்ஸ் வேண்டும். பழத்தின் அடி கறுத்தால் லென்ஸைத் தேடவே வேண்டாம்: தண்ணீர் ஒரு நாள் வெள்ளம், ஒரு நாள் வறட்சி என்று போனதால் கால்சியம் பழத்துக்குப் போய்ச் சேரவில்லை. முட்டை ஓட்டைக் கொட்டினால் இந்தப் போகத்துக்கு உதவாது.

செடி பச்சையாகவே தொங்கிவிட்டாலும் லென்ஸ் வீண். தரையை ஒட்டித் தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுமுனை மட்டும் தொடும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்நூல்போல இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்த மண்ணில் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்காதீர்கள்.

இரண்டு வருடத்தில் கண்ணாடி மங்கிவிட்டது. வேப்பெண்ணெய்த் திவலை படிந்ததைச் சட்டை நுனியால் துடைத்தால் மாடித் தூசி கோடு போட்டுவிடும். சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சுதான் சரி. சிலவற்றில் விளக்கு வைத்து விற்கிறார்கள். வெயிலில் பார்ப்பவருக்கு அது எதற்கு?

5-க்கு 2. வேலையில் குறையில்லை, அந்தப் பொறித்த “30”-க்காகவே மூன்றைக் கழித்தேன். நண்பருக்குச் சொன்னது: 10 மடங்கு என்று நேர்மையாகப் போட்டதை, விளக்கில்லாததை வாங்குங்கள். வாங்கியதும் ஒரு சிவப்புக் கயிறு கட்டிவிடுங்கள், கறுப்பு லென்ஸ் செம்மண்ணிலும் தேங்காய் நார்க் கழிவிலும் விழுந்தால் கண்ணில் படாது.