எகிப்தியப் பாணி ஸ்டூல்: இதை வாங்கலாம், கதிரையை விட்டுவிடுங்கள்

பண்டாரவளைப் பக்கம் ஒரு சின்னத் தச்சுப் பட்டறையில் பழைய எகிப்தியப் பாணியில் ஸ்டூலும் கதிரையும் செய்கிறார்கள். ஸ்டூல் எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலத்தைக் கடந்துவிட்டது, பனி வாசல் வழியாக உள்ளேயே வந்து நிற்கும் வீடு இது, இன்னும் ஒரு மூட்டுக்கூட ஆடவில்லை.

காரணம், அதில் இரும்பு ஆணியே கிடையாது. ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கி அடுத்ததன் துளைக்குள் இறக்கி, குறுக்கே மர ஆணி அடித்திருக்கிறார் பட்டறைத் தச்சரான பாஸ். பழைய எகிப்தில் நல்ல மரத்துக்குப் பெரிய பஞ்சம். சீடர் மரம் லெபனானிலிருந்து வந்தது, கருங்காலி தெற்கே நூபியா வழியாக வந்தது, உள்ளூர்க் கருவேலமும் அத்தியும் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் கிடைத்தன, அதனால்தான் அந்த மனிதர்கள் துண்டுகளைப் பொருத்துவதில் அவ்வளவு கைதேர்ந்திருந்தார்கள். இரும்பு ஆணி துருப்பிடித்துக் கழன்றுபோகும் நம்ம ஊர் ஈரத்துக்கு இந்த வேலைதான் சரி.

இருக்கைக்குக் கீழே நேராகவும் சாய்வாகவும் மெல்லிய சட்டங்கள் ஓடுகின்றன. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் பழைய ஸ்டூல் ஒன்றைப் பார்த்து லண்டன் லிபர்ட்டி கடை 1884இல் 'தீப்ஸ் ஸ்டூல்' என்று பதிவு செய்ததும் இதே அமைப்புதான். அழகுக்கு மட்டுமல்ல, எடையைப் பக்கத்துக்குப் பக்கம் பகிர்ந்துகொள்வதும் அந்தச் சட்டங்கள்தான். நடுவில் குழிந்த இருக்கையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் இடுப்பு வலிப்பதில்லை. ஒரே குறை, பின்னல் நைலோன் கயிறு. பிரம்பு நாரோ பன் புல்லோ போட்டிருக்கலாம்.

கதிரை வேறு கதை. சிங்கக்கால்கள் நாலும் ஒரே மாதிரி முன்னங்கால்கள், பின்னால் இருக்கும் இரண்டும் பின்பக்கம் பார்க்கின்றன! எகிப்தியக் கதிரையில் முன்னால் முன்னங்கால், பின்னால் பின்னங்கால், நாலும் ஒரே திசையில் நடந்து போகிற மாதிரி இருக்கும். எகிப்தின் கீசாவில் 1925இல் கிடைத்த ஹெடெபெரெஸ் அரசியின் கதிரையில் மரம் மக்கிப்போய், தங்கத் தகட்டை வைத்துத்தான் மீண்டும் உருவாக்கினார்கள். அப்படியிருந்த வேலைக்கு ஈடாக இங்கே ஸ்பிரே பெயின்ட் அடித்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. பாஸிடம், "அண்ணே, பெயின்ட் இல்லாம, காலை மட்டும் சரியா செஞ்சு தாங்க" என்று சொல்லியிருக்கிறேன், பார்த்துச் செய்வதாகச் சொன்னார்.

ஸ்டூலுக்கு ஓடர் கொடுப்பவர்கள் பலா மரத்தில் கேளுங்கள், மரம் நன்றாகக் காய்ந்ததா என்று பட்டறையிலேயே பார்த்துவிடுங்கள். அப்புறம், கயிற்றைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள்.