வீட்டை விற்பனைக்குத் தயார்செய்து தந்த முகவர்

எங்கள் வீட்டை விற்பதற்காக அழைத்த மற்ற முகவர்கள் கூடத்தில் உட்கார்ந்தபடியே பெரிய விலையைச் சொல்லி ஆசை காட்டினார்கள். இவர் மட்டும் விலைப் பேச்சை எடுக்காமல் முதலில் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்து, "இங்கே ஈரம் இருக்கிறது. குழாய்க் கசிவைச் சரிசெய்யுங்கள், சுவர் நன்றாகக் காயட்டும், பிறகு பெயின்ட் அடிக்கலாம்" என்றார். மேலே பூசி மறைத்தால் கறை மீண்டும் வெளியே வரும். அதைப் பார்த்தவர் நாம் சொல்லும் வேறு எதையும் நம்பமாட்டார் என்று விளக்கினார். அந்தப் பேச்சுக்காகவே இவரைத் தேர்ந்தெடுத்தேன்.

சமையலறையை முழுவதும் மாற்றும் யோசனையைத் தடுத்துவிட்டார். போட்ட பணம் அப்படியே திரும்பாதாம். கீல் தளர்ந்த கதவுகளையும் மங்கிய விளக்குகளையும் சரிசெய்ததோடு நிறுத்திக்கொண்டோம். அலமாரிகளைப் பாதி காலிசெய்யச் சொன்னது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வருகிறவர்கள் அலமாரியைத் திறந்துதான் பார்க்கிறார்கள்!

விலையை விளம்பரங்களைப் பார்த்து வைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் அண்மையில் உண்மையாகவே கைமாறிய விலைகளை வைத்துக் கணக்கிட்டார்.

எனக்கு இருந்த குறை புகைப்படங்கள்தான். அகலக் கோண லென்ஸில் சிறிய அறை மண்டபமாகத் தெரிந்தது. நேரில் வருபவர் ஏமாறுவார் என்று வற்புறுத்தி, பகல் வெளிச்சத்தில் மறுபடி எடுக்கவைத்தேன்.

இவரிடம் போகிறவர்கள் ஒப்பந்தத்தை நிதானமாகப் படியுங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும், அவர் அறிமுகப்படுத்தியவரே வீட்டை வாங்கினால் கமிஷன் தரவேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அது எத்தனை மாதம் செல்லும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்.