கூட்டுறவா, பெரிய பிராண்டா, சொந்த நிறுவனமா: நியாய வணிக அழகுப் பொருட்களில் எது பெண்களுக்கு அதிகம் தருகிறது?

நியாய வணிகம், அதாவது உற்பத்தி செய்பவருக்கு நியாயமான விலை தரும் வணிகம், என்ற பெயரில் விற்கும் அழகுப் பொருட்கள் எல்லாமே ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. பெண்களே நடத்தும் கூட்டுறவுச் சங்கம் ஒரு வழி. பெரிய பிராண்டு பெண்கள் குழுக்களிடம் நேரடியாக வாங்குவது இன்னொரு வழி. அந்த ஊரில் பிறந்தவரே நிறுவனம் தொடங்கி, மூலப்பொருள் தயாரிப்பை அங்கே வைத்துக்கொண்டு வெளிநாட்டில் விற்பது மூன்றாவது. மூன்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: கொட்டையை எண்ணெயாகவோ வெண்ணெயாகவோ மாற்றும் வேலை யார் கையில் இருக்கிறது, விலை பேசும்போது அந்தப் பெண்களுக்கு எவ்வளவு பலம் இருக்கிறது?

கூட்டுறவு என்றதும், ஆர்கன் மரத்தின் கொட்டையிலிருந்து பிழியும் மொராக்கோவின் ஆர்கன் எண்ணெய்தான் முதலில் நினைவுக்கு வரும். ரபாத் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் சுபைதா ஷரூஃப், ஆர்கன் எண்ணெய்க்கான முதல் பெண்கள் கூட்டுறவை 1996இல் தமனாரில் தொடங்கி வைத்தார். முதலில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் விதவைகளும் விவாகரத்தானவர்களும். அவர்கள் கைக்கு முதன்முறையாகச் சொந்தப் பணம் வந்தது, சங்கங்களில் எழுத்தறிவு வகுப்புகளும் நடந்தன. 2009இல் மொராக்கோ ஆர்கனுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. கல்லில் வைத்துக் கொட்டை உடைக்கும் கைப்பழக்கத்தையும் அதைச் சுற்றியுள்ள அறிவையும் யுனெஸ்கோ 2014இல் மரபுச் செல்வமாக ஏற்றது.

ஆனால் சந்தை பெருகப் பெருக, நல்ல வேலை கை மாறிவிட்டது. எண்ணெய் பிழிவதை இயந்திரம் எடுத்துக்கொண்டது. கொட்டை உடைப்பதை மட்டும் இன்னும் இயந்திரத்தால் சரியாகச் செய்ய முடியவில்லை. அதனால் பல இடங்களில் பெண்களிடம் மிஞ்சியிருப்பது உடைக்கும் வேலையும், உடைத்த பருப்பின் எடைக்குக் கிடைக்கும் கூலியும்தான். எண்ணெயில் பெரும்பகுதி மொத்தமாக ஏற்றுமதியாகி வேறு நாட்டில் குப்பியில் அடைக்கப்படுகிறது. கூட்டுறவு என்று பலகை மாட்டிக்கொண்டு தனி முதலாளி நடத்தும் கடைகளும் உண்டு. பயணிகள் கண்ணில் படும்படி நாலு பெண்களை உட்கார வைத்து உடைக்கச் சொல்வார்கள். லாபக் கணக்கில் அந்தப் பெண்களுக்குப் பங்கே கிடையாது. உழைப்பவரின் முகத்தையே விளம்பரமாக்கிவிட்டுக் கணக்கை மறைப்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

2011இல் வெளியான ஓர் ஆய்வு, ஆர்கன் விலை ஏறிய பிறகு என்ன நடந்தது என்று கிராமம் கிராமமாகப் பார்த்தது. பெண் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியைத் தாண்டி இடைநிலைப் படிப்புக்குப் போவது கூடியிருந்தது. கூடுதல் வருமானத்தில் குடும்பங்கள் ஆடுகள் வாங்கின. அந்த ஆடுகளோ ஆர்கன் மரத்தின் மேலேறி மேய்பவை. வருமானம் வந்தால் காடு தானாகப் பிழைக்கும் என்ற நம்பிக்கை அங்கே பலிக்கவில்லை.

அடுத்தது பெரிய பிராண்டு. இதற்கு நல்ல உதாரணம் மேற்கு ஆப்பிரிக்காவின் ஷியா வெண்ணெய், அதாவது ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு. பாடி ஷாப் என்ற பிரிட்டிஷ் அழகுப் பொருள் நிறுவனம் 1994 முதல் கானாவின் வடக்கே தமாலே பகுதியில் 11 கிராமங்களைச் சேர்ந்த துங்தெய்யா பெண்கள் சங்கத்திடம் வாங்கிவருகிறது. லோக்ஸிதான் என்ற பிரெஞ்சு பிராண்டு 1980கள் முதல் புர்கினா ஃபாசோவில் வாங்குகிறது. இரண்டிலும் எனக்குப் பிடித்த விஷயம், பெண்கள் விற்பது கொட்டையை அல்ல, வெண்ணெயை. ஷியா வணிகத்தில் இது விதிவிலக்கு. பெரும்பகுதி கொட்டையாகவே கப்பல் ஏறி, வெளிநாட்டு ஆலைகளில் பிழியப்பட்டு, சாக்லேட்டுக்கும் மற்ற உணவுப் பொருட்களுக்கும் போகிறது. கொட்டையைப் பொறுக்கி, வேகவைத்து, உலர்த்தி, உடைத்து விற்றால் கிடைப்பது சொற்பம். வறுத்து அரைத்து, தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து வெண்ணெய் எடுத்தால்தான் மதிப்பு ஏறும். நைஜீரியா 2025 ஆகஸ்டில் கொட்டை ஏற்றுமதிக்கு ஆறு மாதத் தடை அறிவித்ததும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இந்த வழியின் ஆபத்து, ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பியிருப்பது. பாடி ஷாப்பை 2006இல் பிரெஞ்சு அழகுப் பொருள் நிறுவனமான லோரியால் வாங்கியது. 2017இல் பிரேசில் நிறுவனமான நதூராவிடம் போனது, 2023இல் ஔரேலியஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டனில் திவால் நடவடிக்கைக்குள் விழுந்து, அதே ஆண்டு இன்னொரு குழுவிடம் சேர்ந்தது. வெண்ணெய் பிசையும் பெண்ணுக்கு இந்த முடிவுகள் எதிலும் குரல் இல்லை, ஆனால் அடுத்த பருவத்துக்கு ஆர்டர் வருமா என்பது அதைப் பொறுத்தே இருக்கிறது.

மூன்றாவது வழிக்கு உதாரணம், ஷியா வெண்ணெயில் அழகுப் பொருட்கள் செய்த அலாஃபியா என்ற நிறுவனம். மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோவில் பிறந்த ஒலோவோ-ன்ஜோ ட்சாலா தொடங்கியது. சோகோதே நகரில் பெண்கள் கூட்டுறவு வெண்ணெய் தயாரிக்க, அமெரிக்காவில் பொருளாக்கி விற்றார்கள். லாபத்தில் ஒரு பகுதி பள்ளிப் பிள்ளைகளுக்கு சைக்கிளாகவும் தாய்மார்களின் பிரசவ உதவியாகவும் திரும்பிப் போனது. தூரம் அதிகம் என்பதாலேயே பெண் பிள்ளைகள் படிப்பை விடும் ஊர்களில் சைக்கிள் சின்ன விஷயமில்லை. எங்கே பணம் தேவை என்பது ஊரில் வளர்ந்தவருக்குத் தெரிந்திருந்தது, அதுதான் இதன் பலம். முதலீட்டுக்கு ஓட வேண்டியிருப்பது பலவீனம்.

சரி, முத்திரைகள்? ஃபேர்டிரேட் முத்திரை அழகுப் பொருளில் இருந்தால், அதில் உள்ள குறிப்பிட்ட மூலப்பொருளைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. பல பொருட்களுக்குக் குறைந்தபட்ச விலையும், அதற்கு மேல் ஒரு கூடுதல் தொகையும் உண்டு. அந்தத் தொகையை எதற்குச் செலவிடுவது என்று உற்பத்தியாளர்களே கூடி முடிவெடுப்பார்கள். ஃபேர் ஃபார் லைஃப் மூலப்பொருள் முதல் பிராண்டு வரை சங்கிலி முழுவதையும் பார்க்கிறது. உலக நியாய வணிக அமைப்பின் முத்திரை நிறுவனத்தையே பத்துக் கொள்கைகளால் சோதிக்கிறது. கைவினைக் குழுக்களுக்கு இந்த மூன்றாவதுதான் அதிகம் பொருந்தும்.

முத்திரை எதுவாக இருந்தாலும் பின்பக்கப் பட்டியலைப் படிக்க வேண்டும். பல நாடுகளில் அளவு அதிகமானது முதலில் வரும்படி அதை அச்சிட வேண்டும் என்பது விதி. ஷியா அங்கே பியூட்டிரோஸ்பெர்மம் பார்க்கி என்றும், ஆர்கன் ஆர்கானியா ஸ்பினோசா என்றும் இருக்கும். பட்டியலின் கடைசியில் கிடந்தால், அந்தக் குப்பியிலிருந்து பெண்களுக்குப் போகும் பணமும் அந்த அளவுதான்.

என் வரிசை இது. வெண்ணெயைத் தாங்களே எடுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட பிராண்டுகளுக்கு விற்கும் பெண்கள் சங்கத்தின் பொருள் முதலில். அப்புறம் சொந்த மண்ணில் தயாரித்து லாபத்தை அங்கேயே திருப்பும் நிறுவனம். ஒரே பிராண்டை நம்பியிருந்தாலும் வெண்ணெயாகவே பல ஆண்டு ஒப்பந்தத்தில் விற்கும் குழு மூன்றாவது. கொட்டை உடைக்கும் கூலி மட்டும் கொடுக்கும் இடத்தை, அதன் பெயரில் கூட்டுறவு என்று இருந்தாலும், கடைசியில் வைக்கிறேன். எந்தக் கிராமத்திலிருந்து வாங்குகிறார்கள், எண்ணெயாகவா கொட்டையாகவா, முன்பணம் கொடுக்கிறார்களா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். நேர்மையாக நடத்துபவர்கள் ஊர்ப்பெயரோடு பதில் சொல்வார்கள்.