ட்ரொம்சோ – லாங்இயர்பியன் ஃப்ளைட்: சில வருஷ அனுபவம்

வேலை விஷயமா வடக்கு நார்வே ட்ரொம்சோல இருந்து ஆர்க்டிக் கடல்ல இருக்கற ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தோட ஊரான லாங்இயர்பியனுக்கு சில வருஷமா போயிட்டு வந்துட்டு இருக்கேன். நேர் தூரம் கிட்டத்தட்ட 960 கிமீ, ஜெட்ல ஒன்றரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆகும். ரோடு கிடையாது, நடுவுல முழுக்க கடல், பாதி வழியில பியர் தீவு இருக்கு, ஆனா எப்ப பாத்தாலும் மேகம் மூடியிருக்கும், கண்ணுல பட்டா அதிர்ஷ்டம்தான். ஆஸ்லோல இருந்து வர்றவங்களுக்கு சுமார் 2,000 கிமீ.

ஆனா அந்த ஒன்றரை மணி நேரத்தை மட்டும் நம்பி பிளான் போடாதீங்க, இதை சொல்லத்தான் எழுதறேன்.

முதல்ல பாஸ்போர்ட். ஸ்வால்பார்ட் நார்வேயோடதுதான், ஆனா ஷெங்கன்ல (ஒரே விசால சுத்தற ஐரோப்பிய நாடுகள் கூட்டம்) சேராது. அதனால ட்ரொம்சோலயே பாஸ்போர்ட் செக் உண்டு, ஆஸ்லோல இருந்து ட்ரொம்சோ வழியா வர்ற ஃப்ளைட்லயும் எல்லாரையும் கைப்பையோட இறக்கி வரிசைல நிக்க வெச்சுதான் திரும்ப ஏத்துவாங்க. நம்ம ஊர் பாஸ்போர்ட் வெச்சிருக்கறவங்க இதை நல்லா கவனிங்க, ஸ்வால்பார்டுக்கு தனியா விசா வேண்டாம்தான், ஆனா திரும்பி ட்ரொம்சோ வந்தா ஷெங்கனுக்குள்ள ரெண்டாவது தடவை நுழையற கணக்கு, சிங்கிள் என்ட்ரி விசா பத்தவே பத்தாது, டபுளோ மல்டிபிளோ கேட்டு வாங்கிடுங்க.

அடுத்தது மூடுபனி. கோடைல இது பெரிய தொல்லை. ஒரு தடவை லாங்இயர்பியன் பக்கத்துலயே போயி மேல வட்டம் அடிச்சு அடிச்சு பாத்துட்டு, ரன்வே தெரியலனு கேப்டன் அனவுன்ஸ் பண்ணி திரும்ப ட்ரொம்சோவுக்கே கொண்டு வந்து விட்டுட்டாரு, மூணு மணி நேரத்துக்கு மேல பறந்து ஏறின எடத்துலயே இறங்கினோம். கேப்டன் செஞ்சது நூத்துக்கு நூறு சரி, ஆனா சீசன்ல அடுத்த ஃப்ளைட்ல சீட் கிடைக்கறது ரொம்ப கஷ்டம். அதனால திரும்பி வர்ற அன்னைக்கே வேற கனெக்‌ஷன் ஃப்ளைட் போடாதீங்க, நடுவுல ஒரு ராத்திரி விடுங்க.

இவ்ளோ சொன்னாலும் எனக்கு ரொம்ப பிடிச்ச ரூட் இதுதான். ஜனவரி கடைசில மதியம் கிளம்பிப் பாருங்க, ட்ரொம்சோல அப்பதான் சூரியன் லேசா தலைகாட்ட ஆரம்பிச்சிருக்கும், ஃப்ளைட் வடக்க போகப் போக ஜன்னல்ல ஆரஞ்சு, ஊதா, கருநீலம்னு மாறிட்டே வந்து இறங்கறப்ப கும்மிருட்டு. அங்க அக்டோபர் கடைசில மறையற சூரியன் பிப்ரவரி நடுவுலதான் அடிவானத்துக்கு மேல வரும். ஏப்ரல் கடைசில போனா அப்படியே உல்டா, நடுராத்திரிலயும் வெயில்.

ஏர்போர்ட் சின்னது, 1975ல திறந்தது, பெட்டி வர்ற பெல்ட்டு மேலயே பாடம் பண்ணின துருவக்கரடி ஒன்னு நிக்கும். டவுனுக்கு நடந்து போற யோசனை வேண்டாம், ஃப்ளைட் வர்ற நேரத்துக்கு வெளிய பஸ் நிக்கும், வழில ஹோட்டல் ஹோட்டலா இறக்கி விட்டுடுவாங்க.